முட்டைக் கூடையும் கறுப்புக் குடையும்

அத்தியாயம் ஏழு

சலமான்காவை விட்டு ரொட்டி வண்டி புறப்பட்டதிலிருந்து காசில்டா மடியிலிருந்த கூடையைக் கீழே வைக்கவில்லை.

"பின்னாடி வைங்க மதினி. ரொட்டித் தட்டுக்கு நடுவுல அசையாம நிக்கும்" என்றான் ஃபெர்மின்.

"நீ ஓட்டுற ஓட்டுக்கு என் பல்லே அசையுது. முட்டை நிக்குமாக்கும்?"

கூடைக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் ஒரு டஜன் முட்டை. எல்லாம் அவள் வளர்க்கிற கோழிகள் இட்டவை. கல்யாணத்தன்று மழை வரக்கூடாதென்றால் பெண்வீட்டார் புனித கிளாரம்மாள் மடத்துக் கன்னியருக்கு ஒரு டஜன் முட்டை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காசில்டாவின் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தாள். தங்கை அமாலியா ஃபெர்மினைக் கட்டியபோது காசில்டாவே கொடுத்தாள். இரண்டு நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது.

"நம்ம தெற்குல ஜூன் மாசம் வெயிலடிக்க முட்டை எதுக்கு மதினி? கல்லைக் குடுத்தாலும் அடிக்கும்" என்று நேற்றே ஃபெர்மின் கேலி செய்துவிட்டான்.

ஆனால் நாளைக்குக் கல்யாணம் தெற்கில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்தூரியாஸில். அங்கே மழை விருந்தாளி இல்லை, வீட்டுக்காரி. கோயிலில் தாலிக்குப் பதில் மோதிரம் மாற்றிவிட்டு, ஆப்பிள் தோப்பில் மேஜை போட்டு ஊருக்கே விருந்து. தோப்புக்குக் கூரை கிடையாது. கிளாரம்மாள்தான் கூரை.

இருவருக்கும் நடுவில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, மூன்றாவது பயணியாக ஒரு முழுப் பன்றித் தொடை உட்கார்ந்திருந்தது. உப்பில் ஊறி, மலைக்காற்றில் வருஷக்கணக்கில் தொங்கிப் பக்குவப்பட்ட ஹாம். சம்பந்தி வீட்டுக்குச் சீர். காசில்டா அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்திருந்தாள். துரைக்கு வெயில் படக்கூடாது, துரைக்குக் காற்று வேண்டும் என்று வழி முழுக்க ஃபெர்மின் செய்த உபசாரம் அப்படி.

அவள் காலில் புது ஷூ. கல்யாணத்துக்கு வாங்கியது. பழக்க வேண்டுமென்று காலையிலேயே மாட்டிக்கொண்டாள். இப்போது அதுதான் அவளைப் பழக்கிக்கொண்டிருந்தது.

ஷூ கடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்குள் ஒன்று கடித்துக்கொண்டிருந்ததே, அதுதான் தாங்கவில்லை.

போன வாரம் பெலென் போன் செய்தாள். கல்யாணப்பெண். அமாலியா பெற்ற பிள்ளை. அமாலியா கண் மூடியபோது நடக்கவும் பேசவும் மட்டும் தெரிந்த பிள்ளை. ஃபெர்மின் ஜெர்மனிக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனான். ஆகஸ்டில் வருவான், ஆளுயரப் பொம்மை ஒன்று கொண்டுவருவான், பொம்மையின் கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி போய்விடுவான். பெலெனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, ஆசிரியையாக்கி நிறுத்தியது காசில்டாதான். இரண்டு வருஷம் முன்புதான் அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். அதற்குள் மகள் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாள்.

"பெரியம்மா, பீடத்துக்கு என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது நீங்கதான். அப்பா இல்ல" என்றாள் போனில். "அவருக்கு நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சொல்ல வரல."

அப்பன் மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதுதான் வழக்கம். அப்பன் இருக்கும்போது வேறொருவர் பிடித்தால் ஊர் வாய் மூடாது. அதுகூடப் பெரிதில்லை. நேற்று ராத்திரி விடுதித் தாழ்வாரத்தில் காசில்டா கண்ட காட்சிதான் பெரிது. ஃபெர்மின் கோட்டு மாட்டி, இடது கையை வளைத்து, அந்த வளைவில் துரையைச் சார்த்திக்கொண்டு, தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடிமேல் அடி வைத்து நடந்து பழகிக்கொண்டிருந்தான். பாதியில் நின்று, "வேகமா போறேனாம்மா?" என்று துரையிடம் கேட்டான்.

அதைப் பார்த்த பிறகு எந்த வாய் சொல்லும்?

*

சமோராவைத் தாண்டி வெட்டவெளிச் சமவெளி. கோதுமை பழுத்து நின்றது. பசி நேரத்தில் சாலையோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். வாசலில், மூடி திறந்து கிடந்த ஒரு பழைய கார். அதன் நிழலில் ஒரு குடும்பம். புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். போர்த்துக்கல்காரர்கள். செர்ரி பறிக்கப் போகிறவர்கள் என்று காரின் தலையில் கட்டியிருந்த காலிக் கூடைகளே சொல்லின.

சாலைக்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்த சிற்றாலயம் ஒன்று தெரிந்தது.

"நான் போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வாரேன். கூடையப் பாத்துக்கோ" என்றாள் காசில்டா.

"கண்ணுல வச்சுப் பாத்துக்குறேன் மதினி. நீங்க ஷூவ மாத்திட்டுப் போங்களேன். நொண்டுறீங்க."

"நானா நொண்டுறேன்? தரை மேடு பள்ளம்."

ஆலயத்துக்குள் குளிர்ச்சியாக இருந்தது. மண்டியிட்டாள். "ஆண்டவரே, சாப்பிட்டதும் சொல்லிடறேன். வார்த்தைய நீர் குடும். அவன் மனசு நோகாத வார்த்தையாப் பார்த்துக் குடும்" என்று கேட்டுக்கொண்டாள். கேட்டதும் பாதி சுமை இறங்கியது போலிருந்தது. மெதுவாக, அன்பாகச் சொல்லலாம். துரையை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம்.

திரும்பி வந்தபோது கடைக்குள் கல்யாண வீடு மாதிரி கலகலப்பு. நடு மேஜையில் வண்டிச் சக்கரம் போல ஒரு தொர்த்தியா. உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையில் முங்கி, ஓரம் பொன்னாகச் சிவந்து, நடுவில் லேசாகத் தளும்பிக்கொண்டு. போர்த்துக்கல் பிள்ளைகள் பேச்சுமூச்சில்லாமல் தின்றுகொண்டிருந்தார்கள். ஃபெர்மின் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு அதைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரி தோரிபியா மிளகாயில் தோய்த்தது போலச் சிவந்த முகத்தோடு ரொட்டி வெட்டினாள்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. உங்க ஆளு இல்லன்னா இன்னைக்கு என் கடையில வெறும் ரொட்டிதான்."

காசில்டா உட்கார்ந்தாள். பசி. ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"அடேயப்பா! கடைக்காரம்மா, கைன்னா இது கை. நம்ம வீட்டுல செஞ்சது மாதிரியே இருக்கு. மஞ்சக்கரு நிறத்தப் பாருங்க. இப்பிடி நிறம் என் கோழிங்களுக்குத்தான் வரும்னு நினைச்சேன்."

தோரிபியா கத்தியைப் பார்த்தாள். ஃபெர்மின் கூரையைப் பார்த்தான்.

காசில்டா மெல்லுவதை நிறுத்தினாள். ஜன்னலோரம், காலி பெஞ்சில், அவள் கூடை. அதில் வைக்கோல் மட்டும் பத்திரமாக இருந்தது.

"ஃபெர்மின்."

"மதினி, கொஞ்சம் கேளுங்க..."

"கிளாரம்மாளுக்குக் கொண்டாந்த முட்டைய எடுத்துப் பொரிச்சுட்டியா?"

"பொரிக்கல மதினி. உருளைக்கிழங்கோட சேர்த்து..."

"வாய மூடு!"

"வண்டி கெட்டுப்போயி காலையிலேர்ந்து கிடக்குதுங்க மதினி. கடையில முட்டை தீந்துபோச்சு, சரக்கு வண்டி வரல. சின்னது பாருங்க, காஞ்ச ரொட்டிய எச்சில்ல ஊறவச்சுத் தின்னுட்டிருந்துச்சு."

"அப்ப துரைய வெட்டியிருக்க வேண்டியதுதானே!"

ஃபெர்மின் உண்மையிலேயே திடுக்கிட்டான். "வெட்டின ஹாமச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோறவன் மனுஷனா மதினி? சம்பந்தியம்மா எதெல்வினா முன்னாடி எந்த மூஞ்சியோட நிப்பேன்? முட்டைக்குக் கன்னியர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். ஹாமுக்கு எதெல்வினாகிட்ட கேக்க முடியுமா?"

போர்த்துக்கல்காரனுக்கு என்ன புரிந்ததோ, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவன் மனைவி சின்னதின் வாயிலிருந்த துண்டை எடுக்கலாமா என்று பார்த்தாள். அது காசில்டாவை இன்னும் சுட்டது. தன் மேலேயே வந்த வெட்கம் கோபமாகத் திரும்பி, கிடைத்த ஆள் மேல் பாய்ந்தது.

"எப்பவும் இப்பிடித்தான் நீ! ஊரான் பிள்ளைக்குச் சமைச்சுப் போடுவ. உன் பிள்ளைக்கு என்ன செஞ்ச? அதான் அவ சொல்லிட்டா. நாளைக்கு நீ ஒண்ணும் அவளக் கூட்டிட்டுப் போகப்போறதில்ல! நான்தான் கூட்டிட்டுப் போகணுமாம். நீ வேண்டாமாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது, சொன்னது தான் என்று. ஆண்டவரிடம் கேட்டு வாங்கிய வார்த்தை இதுவா?

ஃபெர்மின் கையில் துண்டம் போடும் கரண்டி இருந்தது. அதை மேஜையில் ஓசைப்படாமல் வைத்தான். கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"எப்ப சொன்னா?"

"போன வாரம். போன்ல."

"சரி" என்றான்.

பிறகு போர்த்துக்கல்காரனின் தோளை அழுத்தி உட்காரவைத்தான். தட்டை அவன் பக்கம் நகர்த்தினான். "சாப்பிடுங்க. இது எங்க வீட்டுச் சண்டை. தொர்த்தியாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." சிறியதின் தலையைத் தடவினான். வெளியே போய் வண்டியைக் கிளப்பினான்.

காசில்டா காலிக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். தன் தட்டிலிருந்த மீதித் துண்டை எடுத்துச் சின்னதின் தட்டில் வைத்தாள். "தின்னு ராசா. பெரியம்மா உன்னச் சொல்லல" என்றாள். அதற்குப் பாஷை புரியவில்லை. ஆனால் தின்றது.

*

அந்தச் சமவெளி முழுக்க ஃபெர்மின் வேகம் குறைக்காமல் ஓட்டினான். ஒரு பாட்டு முணுமுணுக்கவில்லை. துரைக்கு வெயில் பட்டது, அவன் கவனிக்கவில்லை. காசில்டா தன் சால்வையை எடுத்துத் துரையின் மேல் போர்த்தினாள். அதற்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

லெயோனுக்கு முன்னால் ஒரு சின்ன நகரம். கிளாரம்மாள் மடம் அங்கேதான் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தார்கள். இனி என்ன மடம், நேரே போகட்டும் என்று காசில்டா நினைத்தாள். ஃபெர்மின் சாலையைவிட்டு ஊருக்குள் திருப்பினான். மத்தியான உறக்கம் கலையாத தெரு. மடத்துச் சுவரோரம் நிறுத்தி, அவள் மடியிலிருந்த கூடையை எடுத்துக்கொண்டான்.

"வெறுங்கூடைய வச்சு என்ன செய்யப்போற?"

"முட்டை இல்லேன்னு சொல்லணும்ல மதினி. சொல்லாமப் போறது மரியாதையில்ல."

அவன் குத்திச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது. ஒரு வாரம், இரண்டு பகல், எத்தனை நிறுத்தம்! சொல்லாமல் வந்தவள் அவள்தானே. காசில்டா நொண்டிக்கொண்டே பின்னால் போனாள். வாசலுக்குள் நுழையவில்லை; கல் தூணோரம் நின்றாள்.

உள்ளே இருட்டான சிறு அறை. சுவரில் பீப்பாயை நட்டுவைத்தது போல மரச் சுழல்பெட்டி. அதற்கு அந்தப் பக்கம் கன்னியர். இந்தப் பக்கம் உலகம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கொடுக்கிறதை வைத்துச் சுழற்றினால் அந்தப் பக்கம் போகும்.

ஃபெர்மின் மணிக்கயிற்றை இழுத்தான்.

"மாசற்ற மரியே வாழ்க!" என்றது உள்ளிருந்து ஒரு குரல். வாயில் எதையோ அவசரமாக விழுங்கிவிட்டுப் பேசுகிற குரல்.

"பாவமின்றி உற்பவித்தவளே வாழ்க. அம்மா, நாளைக்கு என் மகளுக்குக் கல்யாணம்."

"சந்தோஷம்! முட்டைய வைங்கண்ணே."

"முட்டை இல்லம்மா. இருந்துச்சு. பன்னெண்டும் வழியில தொர்த்தியா பண்ணிட்டேன். பசியோட பிள்ளைங்க இருந்துச்சுங்க. உங்களுக்குன்னு வச்சத எடுத்தது தப்புதான். அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வெங்காயம் போட்டா, போடாமலா?"

"போட்டும்மா."

"அப்ப சரி. அண்ணே, இது ஜூன் மாசம். கல்யாணத்துக்கு மேல கல்யாணம். முட்டை வந்து குவிஞ்சு கெடக்கு. காலையில முட்டை, மத்தியானம் முட்டை, ராத்திரி முட்டை. இங்க ஒருத்திக்கும் முட்டைய நிமிர்ந்து பாக்க முடியல. நீங்க பன்னெண்டு குறைச்சதுக்கு உங்களுக்குத்தான் புண்ணியம். ஜெபம் நாங்க பண்ணிக்கிறோம். எந்த ஊர்ல கல்யாணம்?"

"ஆஸ்தூரியாஸ்ல. மலைக்கு அந்தப் பக்கம்."

"ஆஸ்தூரியாஸா..." என்றது குரல், வைத்தியர் நாடி பார்த்துவிட்டு இழுப்பதைப் போல. "கேட்டுப் பாக்குறோம். வேற எதாவது வேண்டிக்கணுமா?"

ஃபெர்மின் காலிக் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். தூணோரம் காசில்டா மூச்சை அடக்கிக்கொண்டாள். இப்போது கேட்பான். 'என் மகள் மனசை மாத்தச் சொல்லுங்கம்மா' என்று கேட்பான். கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது.

"இருக்கும்மா" என்றான். "என் மதினி இருக்காங்க. நாளைக்கு அவங்கதான் என் பொண்ணக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். புது ஷூ வாங்கியிருக்காங்க, ரொம்பக் கடிக்குது. சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் அவங்களுக்குக் கால் வலிக்காம இருக்கணும். அத வேண்டிக்கங்க. மழை பெஞ்சா பெஞ்சுட்டுப் போகுது."

காசில்டா தூணைப் பிடித்துக்கொண்டாள். கல் சில்லென்று இருந்தது.

"அவங்க பேரு?" என்றது குரல். இப்போது அதில் விளையாட்டு இல்லை.

"காசில்டா."

"வேண்டிக்கிறோம்ண்ணே. கொஞ்சம் நில்லுங்க, போயிடாதீங்க."

உள்ளே காலடிகள் ஓடின. எதையோ தேடி உருட்டும் சத்தம். இரண்டு மூன்று பெண்கள் அடக்கமாட்டாமல் சிரிக்கும் சத்தம். பிறகு சுழல்பெட்டி முனகிக்கொண்டே சுற்றியது.

அதில் ஒரு கறுப்புக் குடை. பெரியது. ஒரு பங்குச் சாமியாரும் அவர் பின்னால் நாலு பேரும் நனையாமல் போகலாம்.

"ஜெபம் ஜெபந்தான்" என்றது குரல். "ஆனாலும் ஆஸ்தூரியாஸ் பாருங்க."

*

வண்டியில் ஏறியதும் காசில்டாதான் முதலில் பேசினாள்.

"நான் கேட்டேன்."

"தெரியும் மதினி. நீங்க ஒளிஞ்சு நின்னாலும் உங்க ஷூ ஒளிஞ்சு நிக்காது."

சிரிப்பு வந்தது. கண்ணும் கரித்தது. "கடையில நான் பேசினது ரொம்பத் தப்பு ஃபெர்மின். அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அப்பிடிச் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்ல." சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "முதமுதல்ல ஜெர்மனிக்குப் போறப்ப எல்லையில ரயில் மாறணும். கையில இருந்த சாப்பாடு தீந்துபோச்சு. எதிர்ல உக்காந்திருந்த ஒரு அம்மா பாதி தொர்த்தியாவ வெட்டி எங்கிட்ட நீட்டினா. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அத வாங்கித் தின்னுட்டுத்தான் அழுதேன். பிள்ளைய விட்டுட்டு வந்துட்டோமேன்னு. அந்த அம்மாவுக்குத் திருப்பித் தர வழியில்ல. இன்னைக்கு அந்தச் சின்னதப் பாத்ததும் கூடையத் தூக்கிட்டேன். யோசிக்கல."

"பெலெனும் அப்ப ஊர்ல அழுதா" என்றாள் காசில்டா. ஒளிக்கவில்லை.

"தெரியும். அதான் 'சரி'ன்னு சொன்னேன்."

கொஞ்ச தூரம் போனதும், துரையின் மேல் கிடந்த சால்வையைப் பார்த்து, "இது யாரு போத்துனது? துரைக்கு வேர்க்காதா?" என்றான். காசில்டாவுக்கு உயிர் வந்தது.

லெயோனைக் கடந்து மலைச்சாலை தொடங்குமிடத்தில் பெட்ரோல் போட நின்றார்கள். பக்கத்துக் கடையில் போன் இருந்தது. காசில்டா இறங்கினாள். பெலெனிடம் பேச வேண்டும். என்ன பேசுவதென்று தெளிவாக இருந்தது. 'உன் கையை நான் பிடிக்கிறேன். உனக்கு இன்னொரு கை இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வற்புறுத்த மாட்டாள். ஆனால் சொல்லுவாள்.

போனை எடுத்தது எதெல்வினா, மாப்பிள்ளை பெலாயோவின் அம்மா. ஒரு வருஷத்துக்கான பேச்சை ஒரு மூச்சில் பேசுகிறவள்.

"காசில்டாவா! எங்க இருக்கீங்க? இங்க மேகம் பானை பானையாக் கவிழ்ந்து நிக்குது. ஆப்பிள் ஒயின் பீப்பாய எல்லாம் கொட்டகைக்கு ஏத்தியாச்சு. உங்க பொண்ணு எங்கேன்னு கேக்காதீங்க. காரை எடுத்துட்டு மலை மேல போயிட்டா! நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு! பெலாயோ கூட வர்றேங்கிறான், வேண்டாங்கிறா."

"மலை மேலயா? எதுக்கு?"

"அப்பா இங்க வந்து சேர்றதுக்குள்ள அவர வழியிலேயே பிடிக்கணுமாம். கணவாய்ல நிப்பாளாம். என்ன விஷயம் பிள்ளேன்னு கேட்டேன். முகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. அழுதாளா சிரிச்சாளான்னுகூடத் தெரியல போங்க."

போனை வைத்துவிட்டுக் காசில்டா கொஞ்சம் நின்றாள். எதற்கு வருகிறாள்? பெரியம்மா சொல்லியிருக்க மாட்டாள் என்று தெரிந்து, முகத்துக்கு நேரே தானே சொல்லிவிட வருகிறாளா? அவன் கோயில் வாசலில் வந்து நின்று, எல்லோர் முன்னாலும் கை வளைத்து நீட்டிவிடுவானோ என்று பயந்து வருகிறாளா? இல்லை...

இந்தத் தடவை அவள் ஒரு நிமிஷமும் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. நேரே வண்டிக்குப் போனாள்.

"ஃபெர்மின், பெலென் கணவாய்க்கு வந்திருக்கா. உன்னத்தான் பாக்கணுமாம். எதுக்குன்னு யாருக்கும் தெரியல. நல்லதாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்."

ஃபெர்மின் பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். திருகி முடித்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

"ஒவ்வொரு ஆகஸ்டும் நான்தான் அவளத் தேடி வந்தேன்" என்றான். "அவ என்னத் தேடி வர்றது இதான் முதல் தடவை. எதுக்கா இருந்தா என்ன மதினி? ஏறுங்க."

*

பஹாரெஸ் கணவாய் ஏற ஏற வெயில் பின்தங்கியது. கோதுமை நிறம் போய்ப் புல் நிறம் வந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. பிறகு அதன் உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

"கிளாரம்மாள் கேட்டுப் பாத்திருப்பா. குறை சொல்ல முடியாது" என்றான் ஃபெர்மின்.

உச்சியில், ஒரு கடையை ஒட்டி, மஞ்சள் நிறச் சின்னக் கார் ஒன்று நின்றிருந்தது. காருக்குள் ஆளில்லை. ஆள் வெளியே மழையில் நின்றாள். கையில் குடையில்லை. ஈரத் தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. தெற்கிலிருந்து ஏறி வரும் சாலையையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

ஃபெர்மின் எஞ்சினை அணைத்தான். கறுப்புக் குடையை எடுத்தான். எடுத்துக் காசில்டாவிடம் நீட்டினான்.

"நீங்க முதல்ல போங்க மதினி. வளர்த்தவங்க நீங்க."

காசில்டா குடையைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள்.

"என் புது ஷூ நனைஞ்சிரும். நீ போ."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். கதவைத் திறந்து, குடையை விரித்து இறங்கினான்.

ஓடுவான் என்று நினைத்தாள். ஓடவில்லை. அடிமேல் அடி வைத்து நடந்தான். விடுதித் தாழ்வாரத்தில் பழகிய அதே நடை. வலது கையில் குடை. இடது கை மட்டும் உடம்பிலிருந்து சற்று விலகி வளைந்திருந்தது. அது வளைந்திருப்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

பெலென் பேசத் தொடங்கினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஃபெர்மின் நடுவில் பேசாமல் நின்றான். காசில்டா ஒன்றை மட்டும் பார்த்தாள். அவன் தலைக்கு மேல் நேராக நின்ற குடை மெல்ல மெல்லச் சாய்ந்து மகள் பக்கம் முழுவதும் போய்விட்டது. அவன் சட்டைத் தோள் நனைந்து கறுத்தது.

காசில்டா குனிந்து ஷூவைக் கழற்றினாள். துரையின் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.

நிமிர்ந்தபோது பெலென் வண்டிப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தியிருந்தாள். 'நீங்களும் வாங்க பெரியம்மா' என்கிறாளா? 'அங்கேயே இருங்க' என்கிறாளா? கண்ணாடியில் வழிந்த மழையில் ஒன்றும் தெரியவில்லை.

எதுவானால் என்ன! காசில்டா கதவைத் திறந்து, வெறுங்காலோடு மழைக்குள் இறங்கினாள்.